ஒட்டுப் போர்வைக்கு ஏற்ற தையல் யந்திரம்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் நமது கலாசாலையின் பழைய மாணவி ஒருவர் பெரியதொரு துணிப்பையுடன் என்னைக் காண வந்தார். பையினுள் பாதி தைத்த போர்வையொன்று இருந்தது. அவருடைய தாயார் காலஞ்சென்று அப்பொழுது ஓராண்டு நிறைந்திருந்தது. தாயார் அன்றாடம் உடுத்திய நூற்புடவைகளுள் ஏழினைக் கத்தரித்துச் சதுரஞ் சதுரமாய் இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைத்து, உடன்பிறந்தார் மூவருக்கும் ஆளுக்கொரு போர்வை அளிப்பதென்று அவர் எண்ணியிருந்தார். அதற்கெனவே தவணை முறையில் புதிய தையல் யந்திரமொன்றை வாங்கினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட அலங்காரத் தையல்கள் உண்டென்று கடையிற் காட்டிய பட்டியலே அவர் நெஞ்சைக் கவர்ந்தது. ஆனால் போர்வையோ, மேற்றுணி அலையலையாய்ச் சுருங்கி, கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று கூடாமல், கோணிக் கிடந்தது. “இது எனக்குக் கைவராத கலை, ஐயா. அம்மாவின் புடவைகளை வீணாக்கிவிட்டேன்” என்று கூறி அவர் கண்கலங்கினார்.

துணியைப் புரட்டிப் பார்த்தவுடன் அவர் கையிற் குற்றமில்லை என்பது எனக்கு விளங்கிற்று. தையற்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, யந்திரத்தின் ஓசையிடையே உறங்கி வளர்ந்தவனாதலால், கைப்பிழைக்கும் பொறிப்பிழைக்கும் உள்ள வேற்றுமையை நான் ஓரளவு அறிவேன். கைப்பிழை இடத்திற்கிடம் மாறும். பொறிப்பிழை எங்கும் ஒரே விதமாய் நிகழும். அப்போர்வையிலே வரிதோறும் மேற்றுணியானது தையல் தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் நோக்கித் தள்ளப்பட்டு, அங்கே மடிப்பாய்க் குவிந்திருந்தது. செய்யும் வேலை இன்னதென்று ஆராயாமல் அதற்குரிய கருவியைத் தேர்ந்தமையே எல்லாத் துன்பத்திற்கும் காரணம்.

இக்கலையில் புதிதாய்ப் புகுவோர்க்கு இத்துன்பம் நேராதிருத்தற் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். யந்திரம் ஒவ்வாததாயின் விற்று வேறொன்று வாங்கலாம். கத்தரித்த புடவை மீண்டும் புடவையாகாது. ஆதலின் கத்தரிக்கோலைக் கையில் எடுக்குமுன் யந்திரத்தைச் சோதித்தறிதல் வேண்டும்.

ஒட்டுப் போர்வை என்பது யாது?

ஆங்கிலத்தில் குவில்ட் என்று வழங்கப்பெறும் இப்போர்வை மூன்று அடுக்குகளை உடையது. மேலடுக்கு, பல நிறத் துண்டுகளை இணைத்த முகத்துணி. நடுவடுக்கு, பஞ்சு. கீழடுக்கு, பெரும்பாலும் ஒரே துணியாலாகிய அடித்துணி. இம்மூன்றும் ஒன்றைவிட்டொன்று நழுவாதபடி ஊடுருவித் தைத்தலே இக்கலையின் முடிவான செயல். எனவே இதில் இருவேறு வேலைகள் உள்ளன. துண்டோடு துண்டை இணைத்து முகத்துணியை ஆக்குவது முதல் வேலை. மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது இரண்டாவது வேலை. இவ்விரண்டும் யந்திரத்தினிடம் வேண்டுவன வெவ்வேறு. இவ்வேற்றுமையை உள்ளத்திற் கொண்டோர்க்குத் தேர்ந்தெடுத்தலில் பாதிச் சங்கடம் நீங்கும்.

இக்கலை மேல்நாட்டார்க்கே உரியதென்று எண்ணற்க. வங்காளத்துப் பெண்டிர் பழம்புடவைகளை அடுக்கி நுண்ணிய ஓட்டுத்தையலிட்டுக் காந்தா என்னும் போர்வையை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். அப்பெயர்க்கு மூலமான வடசொல்லோடு நமது ‘கந்தை’ என்னும் சொல்லும் உறவுடையது. கன்னட நாட்டின் வடபாகத்தில் வாழும் சித்தி மக்கள் கவந்தி என்னும் ஒட்டுப் போர்வையைக் கையாலேயே தைக்கின்றனர். ஆயினும் யந்திரத்தின் துணைகொண்டு இக்கலை பெருகிய இடம் அமெரிக்காவே.

யந்திரத்தால் தைத்தது கலையாகாது என்று சிலர் கூறுவர். அன்னார் ஹாரியட் பவர்ஸ் என்னும் அம்மையாரின் கதையைக் கேட்டல் நன்று. இவர் 1837ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா நாட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். விடுதலை பெற்றபின் சத்திய வேதத்தின் காட்சிகளைத் துணித்துண்டுகளாற் சித்திரித்துப் போர்வையொன்றை அமைத்தார். அது 1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் என்னும் ஊரில் நிகழ்ந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. வறுமையின் நெருக்கத்தால் பின்னர் அதனை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. இன்று அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் அரும்பொருளாய்ப் போற்றப்படுகின்றது. அப்போர்வையிற் கைத்தையலும் உண்டு. யந்திரத் தையலும் உண்டு. அக்காலத்து வீட்டு யந்திரங்கள் பூவும் கொடியும் தைப்பனவல்ல. ஆதாமும் ஏவாளும், யாக்கோபின் ஏணியும், கர்த்தரின் சிலுவையும் அப்போர்வையில் விளங்குவது அம்மையாரின் உள்ளத்தாலும் கையாலுமேயன்றிப் பொறியின் அலங்காரத்தாலன்று.

மாறாத உறுப்புக்கள்

தையல் யந்திரங்கள் எத்துணை மாறியிருப்பினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. 1846ஆம் ஆண்டு எலியாஸ் ஹௌ என்பவர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற யந்திரம் இரண்டு நூல்களைக் கொண்டு பூட்டுத்தையல் இட்டது. 1851ஆம் ஆண்டு ஐசக் ஸிங்கர் என்பவர் மேலுங்கீழுமாய் நேரே இயங்கும் ஊசியும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமும் அமைந்த யந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஊசியின் நுனியருகே உள்ள காதின் வழியாய் மேல்நூல் துணியினுள் இறங்குகின்றது. கீழே பாபினிலிருந்து வரும் மற்றொரு நூல் அதனோடு பின்னுகின்றது. இரண்டும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. பாதத்தின் அடியில் ஊசித்தகட்டின் பிளவுகள் வழியே எழும் சிறு பற்கள் துணியைப் பின்னே நகர்த்துகின்றன. ஊசி, பாபின், பாதம், பற்கள் ஆகிய நான்குமே யந்திரத்தின் உயிர்நிலைகள்.

ஸிங்கர் வியாபாரத்தின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் என்பவர் 1856ஆம் ஆண்டிலேயே தவணை முறையில் யந்திரம் விற்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மொத்தமாய்ப் பணம் கொடுக்க இயலாத குடும்பத்தாரும் அதனால் யந்திரம் பெற்றனர். யந்திரங்களின் மீது பற்றில்லாத காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டில் ஸிங்கர் தையல் யந்திரத்திற்கு மட்டும் விலக்களித்துப் பேசினார். இந்நாட்டிலேயே 1930-களின் நடுவில் கல்கத்தாவில் உஷா யந்திரம் செய்யத் தொடங்கினர். அதன்பின் கறுப்பு நிறமும் பொன்னெழுத்தும் பூண்ட யந்திரம் நம் நாட்டு இல்லங்கள் பலவற்றின் மூலையில் இடம்பெற்றது. அம்மூலையைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முதல் வேலை: துண்டுகளை இணைத்தல்

இணைப்பு வேலைக்கு வேண்டுவது நேர்தையல் ஒன்றே. ஆனால் அது உண்மையிலேயே நேராக இருத்தல் வேண்டும். ஒட்டுப் போர்வை தைப்போர் துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பது வழக்கம். இவ்வளவில் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, மிகுந்தால் என்னாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு தையலிலும் இருபுறத்துத் துண்டுகளும் வீசம் வீசமாய்க் குறையும். ஆகத் தையலொன்றுக்கு அரைக்கால் அங்குலம் நட்டம். ஒரு வரிசையில் 12 துண்டுகள் இருப்பின் தையல்கள் 11. பதினொரு அரைக்கால் கூடின் ஒன்றே காலே அரைக்கால் அங்குலம். அவ்வரிசைக்கு அடுத்துப் பெரிய துண்டுகளால் ஆகிய வரிசையை வைத்தால் இரண்டும் அளவொத்து நில்லா. இழுத்துப் பிடித்துத் தைத்தாற் போர்வை கோணும். அம்மாணவியின் கட்டங்கள் கூடாமைக்கு இதுவே காரணம். அவர் பாதத்தின் ஓரத்தையே அளவாகக் கொண்டு தைத்தார். அவருடைய யந்திரத்தின் பாதமோ அலங்காரத் தையல்களுக்கென அகலமாய் அமைந்தது. அதன் ஓரம் ஊசியிலிருந்து கால் அங்குலத்திற்கு மேல் விலகியிருந்தது.

எனவே கடையிற் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கால் அங்குலப் பாதம் இந்த யந்திரத்திற்குக் கிடைக்குமா என்பது. கிடையாதெனில் ஊசியின் நிலையைச் சிறிது வலமிடமாய் மாற்றும் வசதியேனும் இருத்தல் நலம்.

இரண்டாவதாய் ஊசித்தகட்டின் துளையை நோக்க வேண்டும். வளைவுத்தையல் இடும் யந்திரங்களில் ஊசி இருபுறமும் அசையுமாதலால் அத்துளை அகன்ற பிளவாய் இருக்கும். சிறு துண்டின் மூலையை அதன்மேல் வைத்துத் தைக்கத் தொடங்கினால், ஊசி துணியைக் குத்தித் துளையினுள்ளே இழுத்துச் சென்று கசக்கிவிடும். நேர்தையல் மட்டுமே இடும் யந்திரத்தில் துளை சிறிய வட்டமாய் இருத்தலின் இவ்விடர் இல்லை. பல புதிய யந்திரங்களுக்கு இத்தகைய வட்டத்துளைத் தகடு தனியே கிடைக்கின்றது. அதனைப் பொருத்தியிருக்கும் வேளையில் வளைவுத்தையலைத் தவறியும் திருகுதல் கூடாது, ஊசி தகட்டில் மோதி முறியும்.

1933ஆம் ஆண்டு ஸிங்கர் நிறுவனத்தார் வெளியிட்ட 221 என்னும் எண்ணுடைய சிறு யந்திரம் இவ்விடத்தில் நினைத்தற்குரியது. இறகெடை என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைக்கப்படும் அது சுமார் 11 பவுண்டு எடையுள்ளது. நேர்தையலன்றி வேறு தையல் அறியாதது. அதனைச் செய்வது நின்று பல்லாண்டுகள் ஆகியும் அமெரிக்கப் போர்வைத் தையலார் பழம்பொருட் கடைகளில் தேடி வாங்குகின்றனர். ஒரே தையலை அது செவ்வனே இடுகின்றமையே காரணம்.

இரண்டாம் வேலை: மூன்றடுக்கைத் தைத்தல்

முகத்துணி முடிந்ததும் தொல்லை வேறு உருக்கொள்கின்றது. பற்கள் கீழிருந்து அடித்துணியைப் பற்றி நகர்த்துகின்றன. மேலிருந்து பாதம் முகத்துணியை அழுத்தித் தடுக்கின்றது. நடுவே பஞ்சு மெத்தெனக் கிடப்பதால், கீழடுக்கு முன்னேறும்போது மேலடுக்கு பின்தங்கிப் பாதத்தின் முன் மடிப்பாய்க் குவிகின்றது. இதனைத் தடுக்க நடைப்பாதம் என்னும் கருவி உண்டு. அதற்கும் பற்கள் உண்டு. அவை மேலிருந்து துணியைப் பற்றி, அடிப்பற்களோடு ஒரே வேளையில் நடக்கும். அதன் கவைபோன்ற கரம் ஊசியை இறுக்கும் திருகின்மேல் அமர்ந்து, ஊசி ஏறியிறங்குவதால் இயங்குகின்றது. சில உயர்ந்த விலை யந்திரங்களில் இவ்வமைப்பு உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

நடைப்பாதம் எல்லா யந்திரங்களுக்கும் பொருந்துவதன்று. பாதத்தை மாட்டும் தண்டின் உயரம் யந்திரத்திற்கு யந்திரம் வேறுபடும். ஆகவே கடைக்காரர் “வாங்கிக்கொள்ளலாம்” என்று கூறுவதோடு அமையாது, அவ்விடத்திலேயே மாட்டிக் காட்டுமாறு கேட்பதே அறிவுடைமை. அம்மாணவியின் யந்திரத்திற்கு அது ஊரில் எங்கும் கிடைக்கவில்லை.

அடுத்து நோக்க வேண்டியது ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி. சாதாரண வீட்டு யந்திரங்களில் இது ஏறத்தாழ 6 முதல் 7 அங்குலம். போர்வைக்கென அமைந்தவற்றில் 9 முதல் 11 அங்குலம் வரை உண்டு. 60 அங்குல அகலமுள்ள போர்வையின் நடுவே தைக்கும்போது 30 அங்குலத் துணியும் பஞ்சும் சுருண்டு இவ்விடைவெளியினுள் அடங்க வேண்டும். இடம் போதாவிடில் துணி தூணில் இடித்துத் தையலை வளைக்கும். எனினும் புதிதாய்க் கற்போர் இதனைக் கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. முதற் போர்வையைத் தொட்டிற்குழந்தைக்குரிய அளவிலோ மடிமேல் இடும் அளவிலோ செய்தால், மெல்லிய பஞ்சைக் கொண்டால், சிறிய இடைவெளியும் போதும். வடநாட்டு ரஜாயிற்போல உதிரிப்பஞ்சை அடைப்பது யந்திரத்திற்கு ஒவ்வாது. தாள்போல் பரப்பிச் செறித்த பஞ்சே வேண்டும். பழைய மெல்லிய கம்பளியோ நூற்புடவையோ நடுவடுக்காகவும் உதவும்.

நேர்கோடுகளேயன்றி இலையும் சுருளும் வரைந்தாற்போலத் தைக்க விரும்புவோர்க்கு வேறோர் உறுப்பு இன்றியமையாதது. அவ்விதத் தையலில் துணியை நகர்த்துவது பற்களல்ல, நம் கைகளே. ஆதலின் பற்களைத் தாழ்த்தும் திருகேனும், அவற்றை மூடும் தகடேனும் யந்திரத்தில் இருத்தல் வேண்டும். ஓசையின்றித் தாவும் மெல்லிய பாதமொன்றும் இதற்கு வேண்டும்.

வேண்டுவனவும் வேண்டாதனவும்

நூற்றைம்பது தையலுடைய யந்திரத்தை வாங்குவோர் பெரும்பாலும் பயன்படுத்துவன மூன்று அல்லது நான்கே. நேர்தையல் ஒன்று, வளைவுத்தையல் ஒன்று, பூவுருவைத் துணிமேல் ஒட்டுதற்குரிய கம்பளித்தையல் ஒன்று. ஏனைய பூவேலைகளும் எழுத்து வேலைகளும் தீங்கானவையல்ல. ஆயினும் அவற்றிற்குக் கொடுக்கும் பணம் நடைப்பாதத்திற்கும் நல்ல நூலுக்கும் போதாமற் போகுமாயின் அது வீண் செலவே.

இதற்கு மாறாகப் பட்டியலிற் சிறிய எழுத்தில் மறைந்து கிடக்கும் சில வசதிகள் மிக்க பயன் தருவன. யந்திரம் நிற்கும்போது ஊசி துணியினுள்ளேயே இறங்கி நிற்குமாறு செய்தல் அவற்றுள் ஒன்று. துணியைத் திருப்பும்போது அடுக்குகள் நழுவாதிருக்க இது உதவும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு மற்றொன்று. பாதத்தை வழக்கத்தினும் சற்று மேலே தூக்கும் வசதி, பஞ்சடுக்கை நுழைப்பதற்கு வேண்டும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகும் அவ்வாறே. யந்திரத்தின் எடையும் கருதத்தக்கது. மிக இலேசான யந்திரம் பெரிய போர்வையின் பாரத்தால் மேசைமேல் நகர்ந்து நடுங்கும். ஆனால் விடுதி அறையில் வாழும் மாணவிக்குத் தூக்கிவைக்க இயலாத யந்திரமும் பயனற்றதே.

எவ்வகை யந்திரம்?

இன்று கிடைப்பனவற்றை நான்காய்ப் பகுக்கலாம்.

முதலாவது, நான் மேலே குறித்த மூலையில் உறங்கும் பழைய கறுப்பு யந்திரம். வீட்டில் இஃதிருப்பின் புதியது வாங்குமுன் இதனைத் துடைத்து எண்ணெயிட்டு இயக்கிப் பார்த்தல் வேண்டும். உறுதியான வார்ப்பிரும்பாலாகியதும், வட்டத்துளைத் தகடுடையதும், நேர்தையல் மட்டுமே அறிந்ததுமாகிய இது இணைப்பு வேலைக்கு மிகப் பொருத்தமானது. கைச்சக்கரம் உடையதாயின் வலக்கை சக்கரத்திற்கே செலவாகி, துணியைப் பிடிக்க ஒரு கையே எஞ்சும். கால்மிதி உடையதாயின் இரு கைகளும் துணிக்கே உரியன. வேகமும் பாதத்தின் விருப்பப்படி அமையும். சில பழைய யந்திரங்களில் பின்தையல் இடும் வசதி இல்லை. இணைப்பு வேலையில் ஒரு தையலை மற்றொரு தையல் குறுக்கே கடந்து பூட்டுவதால் அக்குறை பெரிதன்று.

இரண்டாவது, மின்சாரத்தால் இயங்கும் எளிய யந்திரம். இதில் தையலைத் திருகுகளால் மாற்றுவர். பழுது நேர்ந்தால் ஊர்க் கடையிலேயே சீர்செய்ய இயலும். நடைப்பாதம் பொருந்துமாயின், புதிதாய்க் கற்போர்க்கு இவ்வகையையே நான் முதலிற் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, கணினிப் பொறி அமைந்த யந்திரம். ஊசியை நிறுத்துமிடம், வேகம், நூலறுத்தல் ஆகியவற்றில் இது மிக்க வசதியுடையது. ஆனால் மின்பலகை பழுதாயின் அதே நிறுவனத்தின் பழுதுபார்ப்போரையே நாட வேண்டும். அவர் நம் ஊரில் உளரா என்பதை முன்னரே வினவித் தெளிக.

நான்காவது, தையற்சாலைகளில் உள்ள பெரிய யந்திரம். அழகிய நேர்தையல் இடும். ஆனால் நிமிடத்திற்குப் பல்லாயிரம் தையல் இடும் வேகத்திற்கென அமைந்தது. தனி மேசையும் இடமும் வேண்டுவது. கற்பவர்க்கு அவ்வேகம் அச்சமே தரும்.

அயல்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒரு சொல். அன்பினால் தங்கைக்கோ தாய்க்கோ அமெரிக்காவிலிருந்து யந்திரம் கொண்டுவருவோர் பலர். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட்; இந்நாட்டினது 230 வோல்ட். அங்குள்ளதை இங்கு நேரே செருகினால் மோட்டார் கருகும். அதன் அடிப்பலகையில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் படித்து, வேண்டுமாயின் அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியும் உடன் வாங்கித் தருதல் வேண்டும்.

பழைய யந்திரத்தை விலைக்கு வாங்குவோர் கைச்சக்கரத்தை மெல்லத் தம்பக்கம் சுழற்றிப் பார்க்க. எங்கும் சிக்காமல் சுழலுகின்றதா, பாபினும் அதன் கூடும் உடனுள்ளனவா, அதற்குரிய ஊசி இன்றும் கடையிற் கிடைக்கின்றதா, மின்கம்பியின் மேலுறை வெடித்திருக்கின்றதா என்பனவற்றை ஆராய்க.

கடையிற் செய்யத்தக்க மூன்று சோதனைகள்

கடைக்குச் செல்வோர் வெறுங்கையோடு செல்லற்க. கடைக்காரர் காட்டும் மொடமொடப்பான துணியில் எந்த யந்திரமும் நன்றாய்த் தைக்கும். நம் துணியையும், நம் பஞ்சையும், இரு நிற நூல்களையும், ஓர் அளவுகோலையும் கொண்டு செல்ல வேண்டும்.

முதற் சோதனை அளவுக்குரியது. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று துணிப்பட்டைகளைக் கால் அங்குலம் விட்டு ஒன்றோடொன்று இணைத்து, மடிப்பை நகத்தால் அழுத்தி விரித்து அளக்க. மொத்த அகலம் மூன்றரை அங்குலமும், நடுப்பட்டை சரியாய் ஓர் அங்குலமும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது நகர்ச்சிக்குரியது. 24 அங்குல நீளமுள்ள இரு துணிகளின் இடையே அதே நீளப் பஞ்சை வைத்து, ஊசிகொண்டு பொருத்தாமல், கையால் இழுக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைக்க. முடிவில் மேற்றுணி கீழ்த்துணியினும் நீண்டு நிற்குமாயின் அந்த அளவே நழுவல். பின்னர் நடைப்பாதத்தை மாட்டி மீண்டும் தைத்து இரண்டையும் ஒப்பிடுக. நழுவல் நீங்கவில்லையாயின் அந்த யந்திரம் வேண்டாம்.

மூன்றாவது இறுக்கத்திற்குரியது. மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் இட்டு மூன்றடுக்கிலும் தைக்க. மேலே வெண்புள்ளி தோன்றினால் மேல்நூல் மிக இறுகியது என்பதும், கீழே செம்புள்ளி தோன்றினால் மேல்நூல் தளர்ந்தது என்பதும் பெரும்பாலும் உண்மை. திருகைச் சிறிது திருப்பியவுடன் இரு புள்ளிகளும் மறைந்து நூல்கள் நடுவே பூட்டுமாயின் அது நல்ல யந்திரம். எத்திருகினாலும் சீர்படாததை விட்டு விலகுக.

இச்சோதனைகளுக்கு அரைமணி நேரம் ஆகும். அதற்கு இடங்கொடாத கடையில் வாங்காதிருத்தலே நன்று.

வாங்கியபின்

ஊசியின் எண் அதன் பருமனைக் குறிப்பது. 80 என்பது மில்லிமீட்டரில் நூற்றில் எண்பது பங்கு. இணைப்பு வேலைக்கு ஏற்றது. மூன்றடுக்கைத் தைக்க 90 வேண்டும். தையலின் நீளம் இணைப்பில் 2 முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மழுங்கிய ஊசி துணியைக் குத்தாமல் இடிக்கும். ஒரு போர்வைக்கு ஒரு புது ஊசியேனும் மாற்றுவதில் உலோபம் கூடாது. பாபின் கூட்டில் சேரும் பஞ்சுத்தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் இடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது நாளடைவிற் பிசினாய் இறுகி யந்திரத்தை நிறுத்திவிடும். தையல் யந்திரத்திற்கென விற்கும் மெல்லிய எண்ணெயே தக்கது. போர்வையின் பாரம் மேசையின் விளிம்பில் தொங்கி ஊசியை இழுக்காதபடி, இடப்புறத்தில் மற்றொரு மேசையை ஒட்டிப் போடுவதும் பெரிதும் உதவும்.

அம்மாணவியின் செய்தியைக் கூறி முடிக்கின்றேன். அவர் அப்புதிய யந்திரத்தை நட்டத்திற்கே விற்றார். அவர் வீட்டிலே தாயார் மிதித்த பழைய கால்மிதி யந்திரம் மரப்பெட்டியினுள் மூடிக் கிடந்தது. இருவருமாய் அதன் இறுகிய எண்ணெயைக் கழுவி, அறுந்த தோல்வாரை மாற்றி, கால் அங்குல அளவிற்கு ஊசித்தகட்டின் மேல் ஒட்டுத்தாளால் கோடிட்டோம். தைத்ததையெல்லாம் அவர் பொறுமையோடு பிரித்தார். பிரித்த ஓரங்கள் நைந்திருந்தமையால் சதுரங்களைச் சிறிதாக்க நேர்ந்தது. மூன்று போர்வைக்கென எண்ணிய துணி இரண்டிற்கே போதுமாயிற்று. மூன்றாமவரான தம்பிக்கு ஒரு தலையணையுறை மட்டுமே கிடைத்தது. பழைய யந்திரத்திற்குப் பொருந்திய நடைப்பாதத்தின் விலை, விற்ற யந்திரத்தின் ஒரு மாதத் தவணைக்கும் குறைவு.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடிருக்கையிற் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதனர் என்று சத்திய வேதம் கூறுகின்றது. அவள் எவ்வித ஊசியால் தைத்தாள் என்பதை அவர்கள் எடுத்துரைத்ததாகக் காணோம். கருவி நல்லதாயின் அது தன்னை மறைத்துக்கொண்டு கையின் அன்பை மட்டும் துணியில் விட்டுச் செல்லும். தீயதாயின் நல்ல கையையும் அது நாணச் செய்யும். ஆதலால், இளஞ் சகோதரிகளே, சகோதரர்களே, போர்வை தைக்க முதன்முதல் முற்படும்போது யந்திரத்தின் பட்டியலைப் படிக்குமுன் உங்கள் துணியைப் படியுங்கள். அதற்கு வேண்டுவது யாதென்று கேளுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள்.